எதையும் தொடாமல் கொண்டு வா என்றாய்

நித்யா,

திங்கட்கிழமை காலை நீ பொம்மசந்திரா பஸ்ஸில் ஏறும்போது உன்னிடம் ஒன்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "சீப்பு எடுத்துக்கிட்டியாடி?" என்று கேட்டேன். "எடுத்துக்கிட்டேம்மா" என்றாய். பஸ் போய்விட்டது. காரிலேயே கொண்டுவந்து விடுகிறேன் என்று நான் இரண்டு முறை கேட்டும் நீ பஸ்ஸிலேயே போகிறேன் என்றதற்குக் காரணம் பெட்ரோல் செலவு இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் காரில் என் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வந்தால் நாம் இருவரும் பேசியாக வேண்டும். அதைப் பேச உனக்கு இஷ்டமில்லை. எனக்குத் தைரியமில்லை.

பேச வேண்டியது இதுதான். சர்வீஸ் சென்டரில் நம் காரை வைத்து உனக்குப் பரீட்சை நடந்ததே, அதற்கு முந்தின நாள் வண்டியின் கம்ப்யூட்டர் கோளாறுகளைப் பதிந்து வைத்திருந்த கோட் எல்லாவற்றையும் அழித்தது நான்தான். பத்துப் பேர் முன்னால் நீ என்னைக் கேட்டாய். பத்துப் பேர் முன்னால் நான் இல்லை என்றேன். பத்துப் பேர் முன்னால் சொன்ன பொய்யைச் சமையலறையில் உன் காதில் மட்டும் சொல்லித் திருத்துவது நியாயமாகத் தெரியவில்லை. அதனால் இதில் ஒரு பிரதி உனக்கு, ஒரு பிரதி பத்திரிகைக்கு. நித்யா என்பது இந்தக் கடிதத்துக்காக நான் வைத்த பெயர். உன் நிஜப் பெயரை உன்னைக் கேட்காமல் அச்சில் போடும் உரிமை எனக்கு இல்லை.

இன்னொன்றும் செய்தேன். அலமாரியில் உன் துணிக்கு அடியில் இருந்த கவரைப் பிரித்துப் படித்தேன். பழைய இடமான அந்தச் சர்வீஸ் சென்டரிலிருந்து உனக்குக் கொடுத்த அனுபவக் கடிதம். "வரவேற்பில் பணிபுரிந்தார். தொழில்நுட்பத் தேர்வில் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை." இரண்டே வரி. பொம்மசந்திராவில் நீ புதிதாகச் சேர்ந்த பட்டறையில் அந்தக் கடிதத்தை மாதக் கடைசிக்குள் கேட்டிருக்கிறார்கள் என்று உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் சொல்லவில்லை. அந்த இரண்டாவது வரியைப் படித்துவிட்டு எந்தப் பட்டறையும் உன் கையில் ஸ்பானரைக் கொடுக்காது. உன்னைத் திரும்பவும் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்காரவைத்துச் சிரிக்கச் சொல்வார்கள். அந்த வரியை எழுதியது மேனேஜர். எழுதவைத்தது நான்.

நம் காரைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு அது தெரியாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய பெட்ரோல் கார். இரண்டு கை மாறி என்னிடம் வந்தது. உன் அப்பா பிரேசர் டவுனில் தையல் கடையில் இருக்கிறார், அவருக்குச் சைக்கிளே வராது. வீட்டில் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் நான். காலையில் நான்கு பெண்களை அவர்கள் ஆபீஸில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டிக்கொண்டு வருகிறேன். நடுவில் கிடைக்கிற சவாரி. ஒன்பது வருஷமாக இதுதான் வேலை. ஒன்பது வருஷமாகச் சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் கண்ணாடியை இறக்கி "ஏன் மேடம், லைசென்ஸ் இதியா?" என்று கன்னடத்தில் கேட்கிறான். ஆண் ஓட்டுகிற வண்டி மக்கர் செய்தால் வண்டி சரியில்லை. பெண் ஓட்டுகிற வண்டி மக்கர் செய்தால் பெண் சரியில்லை. இது என் மண்டைக்குள் எவ்வளவு ஆழமாகப் போயிருந்தது என்று எனக்கே அப்போது தெரியாது.

போன வருஷம் மழைக்காலத்தில் மீட்டர் பலகையில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. வண்டி ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நின்றால்தான் நடுக்கம். சில்க் போர்டு சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் கையில் அதிரும், பின்சீட்டுக் கண்ணாடி கடகடவென்று சத்தம் போடும், ஏசி போட்டிருந்தால் இன்ஜின் இப்போதோ அப்போதோ என்று மூச்சு வாங்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிக்னலில் நியூட்ரலுக்கு மாற்றி, ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துப் பிடித்துக்கொண்டேன். அப்படிப் பிடித்தால் நடுக்கம் தெரியாது. பச்சை விழும்வரை கால் வலிக்கப் பிடித்துக்கொண்டு, பின்னால் இருக்கிறவர்களிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பேன். அந்த மஞ்சள் விளக்கை முன்சீட்டில் உட்காருகிற பெண் ஒருநாள் பார்த்துவிட்டு "அக்கா, இது என்ன, டேஞ்சரா?" என்று கேட்டாள். மறுநாள் காலை என் நெற்றிக்கு வைக்கிற ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து பெரிதாக ஒன்றை எடுத்து அந்த விளக்கின் மேல் ஒட்டிவிட்டேன். அளவு சரியாக இருந்தது. மாதம் ஒருமுறை பொட்டை மாற்றினேன். விளக்கை ஒருமுறைகூட யாரிடமும் காட்டவில்லை. ஒரு பழைய வண்டியை ஓட்டுகிற பெண் எதை மறைக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகவே கற்றுக்கொண்டேன். நீ அதைக் கற்றுக்கொள்ளவில்லை. அதற்காகத்தான் உன்னைப் பார்த்தால் எனக்கு இவ்வளவு பிரமிப்பு.

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் சேர்ந்தபோது வகுப்பில் நீ ஒருத்திதான் பெண். லேப் வகுப்பில் இன்ஜினைப் பிரிப்பது பையன்கள், ரெக்கார்ட் நோட்டில் படம் வரைவது நீ. "உன் கையெழுத்து அழகா இருக்கும்மா" என்று சொல்லியே மூன்று மாதம் உன்னை ஓரத்தில் உட்காரவைத்தார்கள். ஒருநாள் நீ குஜிலிச் சந்தையிலிருந்து யாருடைய வண்டியிலிருந்தோ கழற்றிய பழைய ஆல்டர்னேட்டரை எடையில் வாங்கிவந்து சமையலறைத் தரையில் பிரித்துப் போட்டாய். சாம்பாரில் கிரீஸ் வாசம் வந்தது. உன் அப்பா "எனக்கு உப்பு பத்தல, ஆயில் ஜாஸ்தி" என்றார். நீ சிரிக்காமல் "தட்டை தள்ளி வைப்பா, அது ப்ரஷ் ஸ்ப்ரிங்" என்றாய். அடுத்த வாரம் லேபில் நோட்டை மூடி வைத்துவிட்டு நீயே போய் இன்ஜின் பக்கத்தில் நின்றிருக்கிறாய். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தால் இன்றைக்கும் படம்தான் வரைந்துகொண்டிருப்பாய்.

சர்வீஸ் சென்டரில் உன்னோடு சேர்ந்த இரண்டு பையன்களை முதல் வாரமே ஒர்க்‌ஷாப்புக்குள் அனுப்பினார்கள். உனக்குச் சட்டைக்கு மேல் போடுகிற கோட்டு ஒன்றைக் கொடுத்து வரவேற்பு மேஜையில் உட்காரவைத்தார்கள். காரணம் கேட்டதற்குச் சூப்பர்வைசர் "உள்ளே லேடீஸ் டிரஸ் மாத்த ரூம் இல்லம்மா" என்றார். ரூம் கட்டினால் தீருகிற பிரச்சினை. கட்டமாட்டார்கள், ஏனென்றால் ரூம் இல்லாமல் இருப்பதுதான் அவர்களுக்கு வசதி. ஆயுத பூஜைக்கு மட்டும் உன்னை உள்ளே கூப்பிட்டார்கள். கோலம் போடவும், ஸ்பானர் செட்டுக்குக் குங்குமம் வைக்கவும். மறுநாள் நீ அதே ஸ்பானரைக் கையில் எடுத்தபோது "ஏய், வச்சிடும்மா அத, கஸ்டமர் வெயிட் பண்றாங்க நோடு" என்று விரட்டினார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நீ சொன்னது எனக்கு மறக்காது. "பூஜை பண்ண மட்டும் பொம்பளை கை வேணுமாம்மா?" நான் என்ன சொன்னேன்? "ஏசில உக்காந்து வேலை, பேசாம இரு" என்றேன். ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறவர்கள் சொன்னதையே வீட்டில் நானும் சொன்னேன்.

நீ பேசாமல் இருக்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை மேனேஜர் அறைக்குப் போய்க் கேட்டாய். எட்டாவது வாரமோ ஒன்பதாவது வாரமோ, அவர் சலித்துப்போய் "சரி. ஒரு வண்டி. எல்லார் முன்னாலயும் நீயே என்ன கோளாறுன்னு கண்டுபிடி. பண்ணிட்டா ஒர்க்‌ஷாப். இல்லன்னா இந்தப் பேச்சே கூடாது" என்று சொல்லியிருக்கிறார். கஸ்டமர் வண்டியைத் தரமாட்டேன், உன் வீட்டு வண்டி இருந்தால் கொண்டு வா என்று நிபந்தனை. நம் கார் நடுங்குகிறது என்று உனக்கு எப்போதோ தெரிந்திருந்தது. பொட்டைக்கூடப் பார்த்திருக்கிறாய், என் முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்திருக்கிறாய். அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாய். "அம்மா, நாளைக்கு மறுநாள் காலைல நம்ம காரை எடுத்துட்டு வா. அதுவரைக்கும் எதையும் தொடாத. கழுவக்கூடக் கழுவாத. இருக்கிற மாதிரியே வேணும்." நான் "இப்பவே ஒருவாட்டி பாத்து வச்சுக்கயேன்" என்றேன். உன்னிடம் போனில் செருகிப் பார்க்கிற சின்ன ஸ்கேனர் இருந்தது, இரண்டு நிமிஷ வேலை. "முன்னாடியே பாத்துட்டுப் போய் அங்க கண்டுபிடிக்கிற மாதிரி நடிக்கணுமா? அது ஏமாத்துமா" என்றாய். இரண்டு ராத்திரி அந்தக் கார் நம் வாசலிலேயே நின்றது. நீ பானட்டைத் தொடவில்லை.

நான் தொட்டேன். உன் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, கண்ணு. எனக்குக் கண்முன்னால் ஓடியதெல்லாம் வேறு. அந்த ஆண்கள் எல்லோரும் நின்று பார்க்கும்போது ஸ்கேனரில் கோட் மேல் கோட் வரும், மீட்டரில் பொட்டு ஒட்டியிருக்கும், "அம்மா ஓட்டுற லட்சணம் இது, பொண்ணு இன்ஜின் பாக்க வந்துட்டா" என்று ஒருத்தன் சொல்வான், எல்லோரும் சிரிப்பார்கள். உன்னைப் பார்த்துச் சிரிப்பதற்குக் காரணமாக என் வண்டி நிற்கும். அது நடக்கக்கூடாது என்று நினைத்தேன். வண்டி பார்க்க நன்றாக இருந்தால் உனக்கும் மரியாதை என்று நினைத்தேன். பரீட்சைக்கு வைக்கிற வண்டியில் கோளாறு தெரிவதுதான் உனக்கு வேண்டியது என்பது அந்த நேரம் என் புத்தியில் ஏறவே இல்லை.

முந்தின நாள் மதியம் பிரேசர் டவுனில் அன்சர் பாய் கடைக்கு வண்டியை விட்டேன். அவர் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு "மூணு கோட் இருக்கு அக்கா. ரெண்டு மிஸ் அடிக்குதுன்னு, பெட்ரோல் சரியா எரியலன்னு சொல்லுது. ஒண்ணு லீன். பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தின்னு அர்த்தம்" என்றார்.

"தொடச்சி விட்டுடு பாய்."

"பாத்து சரி பண்ணாம தொடைக்கிறதா? நக்கோ அக்கா, வேணாம். ரெண்டு மூணு நாள்ல திரும்ப வந்துடும்."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வராம இருந்தா போதும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எங்கயாவது விக்கப் போறீங்களா? வாங்கறவன் பாவம்" என்றார். இல்லை, என் பெண்ணுக்கு வேண்டும் என்று சொன்னேன். பெண்ணுக்கு என்று சொன்னதும் மேலே ஒன்றும் கேட்காமல் அழித்துக் கொடுத்தார். விளக்கு அணைந்தது. பொட்டைப் பிய்த்து எறிந்தேன். வண்டியைக் கழுவினேன். சாயங்காலச் சவாரிக்கும் மறுநாள் காலைச் சவாரிக்கும் லீவு சொல்லிவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நான் எங்கே நின்று எதைப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. சூப்பர்வைசர், மேனேஜர், அந்த இரண்டு பையன்கள், இன்னும் ஐந்தாறு பேர் வண்டியை ஏற்றி வைக்கிற லிஃப்ட்டைச் சுற்றி நின்றார்கள். நீ மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு ஸ்கேனரைச் செருகினாய். திரையில் ஒன்றுமில்லை. ஒரு கோட்கூட இல்லை. "ஏனம்மா, ஆரோக்கியமா இருக்கிற வண்டியைக் கொண்டாந்து வைத்தியம் பாக்கறியா?" என்றார் சூப்பர்வைசர். சிரித்தார்கள். நான் பயந்த அதே சிரிப்பு, நான் வரவழைத்த சிரிப்பு. நீ சிரிப்பைக் கேட்டதாகவே தெரியவில்லை. திரையில் வேறொரு பக்கத்துக்குப் போனாய். கோட் அழித்த பிறகு வண்டி ஓடிய தூரம் என்று ஒரு வரி அதில் இருக்கிறதாம். பதினொரு கிலோமீட்டர் என்று காட்டியிருக்கிறது. நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய்.

"அம்மா, நேத்து யாராவது ஸ்கேனர் போட்டாங்களா? பேட்டரி கழட்டினாங்களா?"

"இல்லையே. யாரும் தொடல."

நீ என்னை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாய். அப்புறம் "சரி" என்று சொல்லிவிட்டு வண்டி பக்கம் திரும்பினாய். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே உடைந்துபோயிருப்பார்கள். கையில் இருந்த ஒரே தடயத்தைச் சொந்த அம்மா அழித்துவிட்டாள், கேட்டால் பொய்யும் சொல்கிறாள். நீ அதைப் பற்றி யோசிக்க ஒரு நிமிஷம்கூடச் செலவு செய்யவில்லை. கோட் இல்லையென்றால் என்ன, இன்ஜின் இருக்கிறதே என்று ஆரம்பித்தாய்.

வண்டியை ஸ்டார்ட் செய்து அப்படியே நிற்கவிட்டாய். நடுங்கியது. சிரித்தவர்களுக்கும் அது கேட்டது. இன்ஜின் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டிக்கொடுக்கப் பார்க்கிறது என்று காட்டுகிற எண்ணைத் திரையில் வைத்தாய். சும்மா நிற்கும்போது அது இருபதைத் தாண்டி நின்றது. ஒரு பையனிடம் ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னாய். இன்ஜின் வேகம் ஏற ஏற அந்த எண் இறங்கி மூன்று, நான்கு என்று வந்தது. நடுக்கமும் போய்விட்டது. நான் ஒரு வருஷமாகச் சிக்னலில் காலால் மறைத்த விஷயத்தை நீ எண்ணாக்கிக் காட்டினாய். "பிளக், காயில் போயிருந்தா மிதிச்சாலும் மிஸ் அடிக்கும் சார். பெட்ரோல் பம்ப் வீக்கா இருந்தா மிதிக்க மிதிக்க நம்பர் ஏறும். இது இறங்குது. காத்தை அளக்கிற சென்சாருக்கு அப்புறம் எங்கயோ ஓட்டை இருக்கு. கணக்குல வராத காத்து உள்ள போகுது. ஐடில்ல மொத்தக் காத்தே கொஞ்சம்தான், அதனால திருட்டுக் காத்து பெருசா தெரியுது. மிதிச்சா நிறைய காத்து வருது, இது அதுல மறைஞ்சிடுது" என்றாய். நான் ஒன்பது வருஷமாக ஓட்டுகிற வண்டியை அன்றைக்குத்தான் எனக்கு யாரோ சொல்லிப் புரியவைத்தார்கள்.

சூப்பர்வைசர் விடவில்லை. "அதெல்லாம் இல்ல, இந்த மாடல்ல இன்ஜெக்டர்தான் போகும். நாலும் மாத்தணும்" என்றார். நீ ஒரு முழ நீள ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை இன்ஜினின் ஒவ்வொரு இணைப்பாகக் கொண்டுபோனாய். "டாக்டரம்மா வந்துட்டாங்க குரு, சீட்டு எழுதிக்கோ" என்று ஒருத்தன் சொன்னான். நீ குனிந்து கையை இன்ஜினுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விட்டாய். முழங்கை வரைக்கும் உள்ளே போனது. சூடு பட்டு ஒருமுறை உதட்டைக் கடித்தாய், கையை எடுக்கவில்லை. பிளையரை வாங்கி, உள்ளே எதையோ லேசாக நெருக்கினாய்.

நடுக்கம் நின்றது. வண்டி ஓடுகிறதா அணைந்துவிட்டதா என்று தெரியாத அளவுக்கு நின்றது. பிளையரை விட்டாய், நடுங்கியது. நெருக்கினாய், நின்றது. மூன்று முறை. அப்புறம் அந்தக் குழாயைக் கழற்றி வெளியே எடுத்தாய். இன்ஜினிலிருந்து வருகிற ஆவியைத் திரும்ப உள்ளே அனுப்புகிற ரப்பர் வளைவு. மேலே பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. திருப்பிக் காட்டினாய். அடிப்பக்கம் ஆயிலில் ஊறி, இரண்டு விரல்கடை நீளத்துக்குப் பிளந்திருந்தது. இரண்டு பையன்களில் ஒருத்தன் கையை நீட்டி அதை வாங்கிப் பார்த்தான். உன் முழங்கையில் சுட்ட இடம் சிவந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது, பெருமையில்தான். அந்தப் பெருமையில் ஐந்து நிமிஷம் நான் செய்ததையே மறந்துவிட்டேன்.

சூப்பர்வைசர் மறக்கவில்லை. ஸ்கேனரை எடுத்து, நீ பார்த்த அதே வரியை மேனேஜரிடம் காட்டினார். "பதினோரு கிலோமீட்டர் சார். நேத்துதான் அழிச்சிருக்காங்க. வீட்லயே எல்லாம் பாத்து, கழட்டி, ஓட்டை எங்கன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டு, இங்க வந்து டிராமா" என்றார். மேனேஜர் உன்னைக் கேட்டார், நீ அழித்தாயா என்று. "இல்ல சார்." "அப்ப உங்கம்மாவா?" எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் வாயைத் திறந்திருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். நான் தரையைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்காமலே சொன்னாய்: "அம்மாவுக்கு ஸ்கேனர்னா என்னன்னே தெரியாது சார்."

அந்த வாக்கியம் உன்னைக் கவிழ்த்துவிடும் என்று தெரிந்தேதான் சொன்னாய். அம்மா இல்லையென்றால் வேறு யார்? மறுபடியும் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு மேஜைக்குப் போனாய். ஒன்றரை மாதம் அங்கே உட்கார்ந்து, உன்னைத் திருடியைப் போலப் பார்க்கிறவர்கள் நடுவில் சிரித்துக்கொண்டே வேறு பட்டறைகளுக்கு எழுதிப் போட்டாய். ஒரு நாள்கூட வீட்டில் என்னைக் குத்திப் பேசவில்லை. அந்தப் பிளந்த குழாய்க்குப் பதில் புதுசு வாங்கி நீயே மாட்டினாய். இன்றைக்கு வண்டி சிக்னலில் பூனை மாதிரி நிற்கிறது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் எனக்கு அதுதான் தண்டனை.

சனிக்கிழமை சர்வீஸ் சென்டருக்குப் போனேன். மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றேன். மீட்டிங் என்றார்கள், சோபாவில் உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. அவர் வெளியே வந்ததும் வரவேற்பிலேயே நின்று சொன்னேன். "சார், அன்னைக்கு கோட் அழிச்சது நான். என் பொண்ணுக்குத் தெரியாது. எதையும் தொடாதன்னு சொல்லிட்டுப் போனா, நான் தொட்டேன். அவ நேர்மையா நடந்துக்கலன்னு எழுதியிருக்கீங்க. நேர்மையா நடந்துக்காதது நான். என் பேரைப் போட்டு எழுதுங்க." காத்திருந்த கஸ்டமர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் "மெதுவா பேசுங்க மேடம். அந்த ஃபைல் முடிஞ்சுபோச்சு" என்றார். முடியவில்லை சார், அவளுக்கு இப்போதுதான் ஆரம்பம் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அன்சர் பாயைப் போனில் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தேன். பாய் என்ன சொன்னாரோ, மேனேஜர் முகம் தொங்கிப்போனது. இருந்தாலும் "சொந்த வண்டிதானே, ஓட்டை முன்னாடியே தெரிஞ்சிருக்கலாம்" என்று இழுத்தார்.

அப்போது சூப்பர்வைசர் உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் மேனேஜரைப் பார்த்து, "அந்த வளைவை அதுக்கு முன்னாடி யாரும் கழட்டல சார். கிளாம்ப்ல கம்பெனி மார்க் அப்படியே இருந்துச்சு. நான் அன்னைக்கே பாத்தேன். நானா இருந்தா நாலு இன்ஜெக்டர் மாத்தி, அப்புறமும் நடுங்குதுன்னு தலையைச் சொறிஞ்சிருப்பேன்" என்றார். நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. அன்றைக்கே பார்த்ததை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். என்னையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறேன்.

புதுக் கடிதம் இந்தக் கவருக்குள் இருக்கிறது. "கோட் எதுவும் இல்லாத வண்டியில் கோளாறைச் சரியாகக் கண்டறிந்தார்" என்று எழுதி, மேனேஜரோடு சூப்பர்வைசரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பழையதை நான் கிழித்துவிட்டேன். அதற்கும் நீ என்னைத் திட்டலாம்.

புது இடத்தில் இன்னும் கேட்கவில்லை என்றால் நாளைக்கே கழிவறை எங்கே என்று கேட்டுவிடு. ஒன்பது வருஷமாகக் காலையில் தண்ணீர் குடிக்காமல் வண்டி ஓட்டி நான் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டேன், கேட்க வெட்கப்பட்டு. துணி மாற்ற அறை இல்லையென்றால் எழுதிக் கொடு, வாயால் கேட்காதே, வாயால் கேட்டதற்குச் சாட்சி இருக்காது. ஊர் எது, ஏரியா எது என்று விசாரிப்பார்கள். நம் தெருப் பெயரைச் சொன்னதும் சிலர் குரல் மாறும். மாறட்டும், நீ குரலை மாற்றாதே. யாருக்காகவும் இன்னொரு முறை "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லி நீ அடி வாங்காதே, அது நானாக இருந்தாலும். நீ என்னைக் காப்பாற்றிய விதம் எனக்கு வலித்தது. வலிக்க வேண்டியதுதான்.

இன்னும் ஒன்று. கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து காரை எடுக்கும்போது, உன் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிற பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். சுமா என்று பெயர், துமகூருப் பக்கம். மூச்சு வாங்க நின்று கன்னடத்தில் கேட்டாள்: நிஜமாகவே உங்கள் பெண் இப்போது ஒர்க்‌ஷாப்பில்தான் வேலை செய்கிறார்களா, எப்படிக் கேட்டார்கள், யாரிடம் கேட்டார்கள் என்று. அவளும் டிப்ளமோதான் படித்திருக்கிறாளாம். அவளுக்கும் ஒரு கோட்டு கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை, உனக்குத்தான் தெரியும். உன்னைக் கேட்காமல் உன் நம்பரைக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன் என்றாள். தெரியாத நம்பர் என்று கட் பண்ணிவிடாதே, எடுத்துப் பேசு.

அம்மா